ஹெப்சிபா எடுக்காத நாற்பத்தொரு புத்தகங்கள்

பிப்ரவரி வந்துவிட்டால் பள்ளி நூலகர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வோம். ரொப்புவோம்.

வெளியாட்களுக்கு இது புரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். ‘அலமாரி’ என்று ஓர் இணையதளம் இருக்கிறது. 2038-இல் பள்ளி நூலகர்களுக்காகவே ஏற்படுத்தியது. எந்தப் புத்தகத்துக்கு என்ன எண் போடுவது, கரையான் வந்தால் என்ன செய்வது, வாசிப்பு வாரத்துக்கு மாதிரிச் சுவரொட்டி, நாற்பது மணி நேரப் பயிற்சி, முடித்தால் சான்றிதழ், எல்லாம் அதில் உண்டு. பயிற்சியை ஒலியில்லாமல் ஓடவிட்டுவிட்டு, அந்த நேரத்தில் நான் புதுப் புத்தகங்களுக்கு முத்திரை குத்தி முடித்துவிடுவேன். என்னிடம் பதினெட்டுச் சான்றிதழ்கள் இருக்கின்றன.

அலமாரியின் விதிப்படி ஒரு பிள்ளை வருடத்துக்கு இருபது புத்தகம் எடுத்திருக்க வேண்டும். எங்கள் கோவில்பட்டிப் பள்ளியில் அறுநூற்று நாற்பது பிள்ளைகள். எடுப்பவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். நூலகப் பாடவேளை என்று ஒன்று இருக்கிறது, அதில் கணக்கு சார் வந்து விட்டுப்போன பாடத்தை நடத்துவார். அதனால் ஆண்டாய்வுக்கு முன்னால் வருகைப் பதிவேட்டை இடதுபக்கம் விரித்து வைத்துக்கொண்டு, எடுக்காத புத்தகங்களை எடுத்ததாக அலமாரியில் ஏற்றுவோம். பிள்ளைகளின் வரிசையில் பெயர், தட்டு வரிசையில் புத்தகம், கொடுத்த தேதி, பதினான்கு நாள் கழித்துத் திரும்பிய தேதி. போட்டுக்கொண்டே போனால் கடைசியில் எண்ணிக்கையில் கொஞ்சம் மிச்சம் விழும். மிச்சத்தை வகுப்பின் கடைசிப் பெயரில் தள்ளிவிடுவது என் வழக்கம்.

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவின் கடைசிப் பெயர் ஹெப்சிபா. ஏழாம் வகுப்பிலிருந்தே அவள்தான் கடைசி. கபடிக்காரி. மூன்று வருடத்தில் நூலகத்துக்கு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறாள், முழங்காலில் அடிபட்டு, பஞ்சு கேட்டு. முதலுதவிப் பெட்டி என் அறையில்தான் இருக்கிறது.

என் பெயர் முப்பிடாதி. இருபத்திரண்டு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் நான் மட்டும். வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் கப்பலோடு காணாமல் போனார். அது வேறு விஷயம்.

அலமாரியில் போன வருடம் ‘வாசக முகம்’ என்று ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். பிள்ளைகள் எடுக்கிற புத்தகங்களை வைத்து அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லும். “ராகுல், 8 அ: தாழ்வு மனப்பான்மை குறைந்துவருகிறது” என்று ஒரு நாள் வந்தது. அந்த ராகுல் எடுத்ததாகச் சொன்ன அத்தனை புத்தகமும் நான் ரொப்பியவை. அவனுக்கு எது குறைந்ததோ, எது கூடியதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். நான் ‘பார்த்தேன்’ என்கிற பொத்தானை அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மார்ச் முதல் திங்கட்கிழமை ஒரு சிவப்பு அறிவிப்பு வந்தது.

“ஹெப்சிபா, 9 ஆ. நெருங்கிய ஒருவரின் இழப்பை மறைத்து வைத்திருக்கிறார். நம்பிக்கை படிப்படியாகக் குறைந்துவருகிறது. தனியாக விட வேண்டாம்.”

வெளியே மைதானத்தில் அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டுக்கொண்டிருந்தது. யாரையோ பிடித்துவிட்டாள் போல, ஒரே கத்தல். நான் ‘பார்த்தேன்’ என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சிவப்பு அறிவிப்பு எனக்கு மட்டும் வருவதில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. மாவட்டத்திலிருந்து தில்ஷாத் என்கிற மனநல ஆலோசகர் வந்து இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். தூக்கம் போதாத முகம். பிள்ளையைத் தனியாக விசாரிக்க அறை கேட்டார். தலைமையாசிரியர் யோசிக்கவே இல்லை. எந்த நேரமும் காலியாக இருக்கிற அறை பள்ளியில் நூலகம் ஒன்றுதான்.

என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை, நான் என் மேசையில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். ஹெப்சிபா காலெல்லாம் புழுதியோடு வந்து உட்கார்ந்தாள்.

“பயப்படாத. சும்மா பேசத்தான் வந்தேன். உங்க வீட்ல யாரும் கடலுக்குப் போனாங்களா?” என்று கேட்டார் தில்ஷாத்.

“கடலுக்கா? நானே கடல ஒருதடவதான் பாத்திருக்கேன் மேடம். மணப்பாட்டுத் திருவிழாவுல.”

“அப்பா என்ன செய்றாங்க?”

“லாரி ஓட்டுதாங்க. நேத்துதான் நாமக்கல்ல இருந்து வந்தாங்க. இப்ப வீட்ல தூங்குதாங்க.”

“நீ கடைசியா எப்ப அழுத?”

ஹெப்சிபா மேலே பார்த்து யோசித்தாள். “சாத்தூர் டீம்ட்ட ஒத்தப் பாயிண்ட்ல தோத்தம்லா, அப்ப” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். தில்ஷாத் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அவளை வெளியே அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். “என்ன புத்தகம் எடுக்குதுங்கிறது அவ்வளவு பெருசில்ல டீச்சர். எதத் திருப்பித் தராம வச்சிருக்குங்கிறதுதான் விஷயம். இந்தப் பிள்ள பேர்ல இருக்கிற மத்த புத்தகமெல்லாம் பதினாலு நாள்ல திரும்பி வந்துருக்கு. நாப்பத்தொண்ணு மட்டும் வரவே இல்ல. நாப்பத்தொண்ணும் கடல். வாயால சொல்ல முடியாதத பிள்ளைக இப்படித்தான் சொல்லும்.”

“அவ சிரிச்சிட்டுத்தான இருக்கா?”

“அதான் எனக்குப் பயமா இருக்கு. போன வருஷம் ரெண்டு பிள்ளைங்க. ரெண்டும் நல்லா சிரிச்சுச்சு. அலமாரி சொல்லுச்சு, நாங்கதான் கேக்கல. இனிமே அப்படி விட மாட்டேன்.”

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘அதெல்லாம் நான் ரொப்பினது மேடம்.’ சொல்லவில்லை. என் தலையில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு கட்டத்தில் திரும்பிய தேதி போடாமலா விட்டேன்? இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விட்டதில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். ஹெப்சிபாவைத் தூத்துக்குடியில் இருக்கிற அரவணைப்பு இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். இருபத்தொரு நாள் கண்காணிப்பு.

புதன்கிழமை அவள் அம்மா ரூத்து வந்தாள். தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவள், விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. தலைமையாசிரியர் அறையில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“டீச்சர், நீங்கதான் புக்கு குடுக்கிற டீச்சரா? எம்பிள்ள புக்கு படிச்சுப் புத்தி பேதலிச்சிட்டுன்னு சொல்லுதாக. அவ பாடப்புத்தகத்தவே அடிச்சாத்தான் எடுப்பா. ஒங்ககிட்ட வந்து நாப்பது புக்கு வாங்குனாளா?”

நான் முத்திரைக் கட்டையை மையில் அழுத்தினேன்.

“சனிக்கிழம காலைல ஒம்பது மணிக்குத் திண்டுக்கல்ல செலக்சன் டீச்சர். விளையாட்டு ஹாஸ்டலுக்கு. பதினாலு வயசுக்குள்ளதான் எடுப்பாகளாம். அடுத்த மாசம் அவளுக்குப் பதினாலு முடியுது. இத விட்டா கெடையாது. ரெண்டு வருசமா விடியக்காலம் எந்திரிச்சு ஓடுதா. நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்ருவாகன்னு பெரிய சார் சொன்னாரு. இந்தப் பிள்ள இங்க வந்ததே இல்லன்னு ஒரு வார்த்த.”

“பாக்கேன்” என்றேன்.

ரூத்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். என்னைப் போய்க் கும்பிட்டாள்.

அன்று சாயங்காலம் அலமாரியின் கலந்துரையாடல் பக்கத்தில் போய் எழுதினேன். “எனக்குத் தெரிந்த ஒரு நூலகருக்காகக் கேட்கிறேன். ரொப்பிய பதிவால் ஒரு மாணவிக்குச் சிக்கல் வந்தால் என்ன செய்வது?” தெரிந்த ஒரு நூலகருக்காகக் கேட்பவர்கள் எல்லோரும் தங்களுக்காகத்தான் கேட்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கால் மணி நேரத்தில் பரமத்தியிலிருந்து குழந்தைவேலு என்பவர் பதில் போட்டார். ‘சிறந்த பங்களிப்பாளர்’ பட்டம் வாங்கியவர், அந்தப் பக்கத்தை நிர்வகிப்பவரும் அவர்தான்.

“அம்மா, அந்தத் தெரிந்தவரிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பதினோராயிரம் பேர் ரொப்புகிறோம். ஒருவர் சொன்னால் எல்லோருக்கும் வேலை போகும். பிள்ளைக்கு மூன்று வாரத்தில் சரியாகிவிடும், நமக்குச் சரியாகாது. இந்தக் கேள்வியையும் அழித்துவிடுங்கள்.”

அழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை, ரொப்பியது நான்தான் என்று தில்ஷாத்துக்கு ஒரு கடிதம் எழுதி முடித்தேன். பத்தே வரி. வெள்ளிக்கிழமை அதைத் திறந்து இரண்டு தடவை வாசித்தேன். அனுப்பும் பொத்தான் அங்கேயே இருந்தது. பயந்துவிட்டேன் என்று சொன்னாலாவது கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பயம் இல்லை. வேலை போய்விடுமே என்றுகூட இல்லை. எனக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. வீட்டுக்குப் போனேன், சோறு வைத்தேன், சாப்பிட்டேன், தட்டைக் கழுவினேன். ரூத்து கும்பிட்டதை நினைத்துப் பார்த்தேன். யாரோ யாரையோ கும்பிட்டது போலத்தான் இருந்தது. மூன்று வருடமாகவே எனக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கிறது.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. நான் போய் நூலகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். ஒன்பது மணி ஆனது. பத்து ஆனது. ஆனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் தில்ஷாத் கூப்பிட்டார்.

“லெட்டர் பாத்தேன் டீச்சர்.”

“அவ்வளவும் நான் ரொப்புனது மேடம். அந்தப் பிள்ள ஒரு புத்தகம்கூட எடுக்கல. வேற பிள்ளைங்க பேர்லயும் அப்படித்தான். எல்லாரும் செய்றதுதான்.”

“எல்லாரும் செய்றது எங்களுக்குத் தெரியும்.”

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார்.

“ரெண்டாவது வருஷமே தெரியும். அலமாரிக்கும் தெரியும். ரொப்புற பதிவுக்கு ஒரு நடை இருக்கு டீச்சர். பேரு வரிசையா வரும், புத்தகம் வரிசையா வரும், சரியா பதினாலு நாள். சிவப்பு போடுறப்ப அதையெல்லாம் அது தானா கழிச்சிரும். நூத்துக்குத் தொண்ணூறு கழிஞ்சு போயிரும். மிச்சம் இருக்கிறதத்தான் பாக்கும்.”

“அப்ப எங்கள ஏன் கேக்கல?”

“கேட்டா ரொப்புறத நிறுத்திருவீங்க. எண்ணிக்க விழும். அத மேல யாரு சொல்றது? அத விடுங்க. ஹெப்சிபா பேர்ல இருக்கிறதுல இந்த நாப்பத்தொண்ண அது கழிக்கல. வரிசையா வரல. மாவட்டத்துல எங்கெங்கயோ இருந்து தேடி எடுத்திருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நாள் விட்டிருக்கு. முதல் எடுத்ததுக்கும் கடைசி எடுத்ததுக்கும் ஒரு போக்கு இருக்கு. யாரோ ஒரு ஆளு நிஜமாவே உக்காந்து தேர்ந்தெடுத்ததுன்னு அது சொல்லுது. அந்தப் பிள்ள எடுக்கலங்கிறீங்க. சரி, நம்புறேன். அப்ப எடுத்தது யாரு டீச்சர்?”

நான் போனை மேசைமேல் வைத்தேன். அவர் ரெண்டு தடவை “டீச்சர்” என்று கூப்பிட்டது கேட்டது.

மிச்சம் என்றுதான் நினைத்திருந்தேன். கை போன போக்கில் எதையோ போட்டேன் என்றுதான் மூன்று வருடமாக எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். ஆனால் அந்தப் புத்தகங்களில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. உப்பு நீரைக் குடித்தால் எத்தனை நாளில் சிறுநீரகம் நிற்கும், தை மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். பள்ளி விட்ட பிறகு ஆறரை ஏழு வரை இதே மேசையில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். வாசித்து முடித்தபின், என் பெயரில் போட மனமில்லாமல், கடைசிப் பெயரில் போட்டிருக்கிறேன். திரும்பிய தேதி போடக் கை வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹெப்சிபாவை விட்டுவிட்டார்கள். திண்டுக்கல்லில் பட்டியல் முந்தின நாளே போட்டாகிவிட்டது.

திங்கட்கிழமை எனக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. குழந்தைவேலு கலந்துரையாடல் பக்கத்திலிருந்து என்னை நீக்கியிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மேலே ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. ஹெப்சிபாவின் பெயர் இன்னும் சிவப்பிலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் நாற்பத்தொரு பதிவையும் ஒவ்வொன்றாக என் பெயருக்கு மாற்ற வேண்டும். புத்தகத்தைக் கொடுத்ததாகச் சொல்ல என் கடவுச்சொல் ஒன்று போதும். கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, தலைப்பை வாய்விட்டு வாசித்து, இருவரும் ரேகை இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டும். அப்படி ஒரு விதி.

ஹெப்சிபா வந்தாள். தில்ஷாத் வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“எங்கம்மா சொன்னாங்கன்னுதான் வந்தேன்” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“தப்பு எம்மேலதான்” என்றேன். அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். தேதி வாரியாகப் பட்டியல் இருந்தது. எழுத்துக் கூட்டாமல், ஆனால் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

“உயிர்காக்கும் மிதவைகள், பயன்பாட்டுக் கையேடு.” விரல் வைத்தாள். நான் வைத்தேன். “இந்தியப் பெருங்கடலின் ஆளில்லாத் தீவுகள்.” விரல். “நட்சத்திரங்களைக் கொண்டு திசை அறிதல்.” விரல்.

அந்த முதல் புத்தகங்களை எடுத்த மாதங்களில் கப்பல் கம்பெனிக்காரர்கள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவந்தார்கள். நான் ரேஷன் கடையில் கேட்பவர்களிடமெல்லாம் வந்துருவாரு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“மழைநீரைச் சேகரிக்கும் எளிய வழிகள். உப்பு நீரும் மனித உடலும். கடல் நீரோட்டங்கள், ஓர் அறிமுகம்.” இருபது தாண்டியது. “ஆழ்கடலின் வெப்பநிலை. மூழ்கிய கப்பல்களில் வளரும் பாசிகள்.” முப்பது தாண்டி நாற்பதாவது வந்தது. “மீன்களின் உணவுப் பழக்கங்கள்.”

மற்றதை வாசித்தது போலத்தான் அதையும் வாசித்தாள். விரல் வைக்கப் போனவள் நிறுத்தினாள். பட்டியலை மேலிருந்து ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை. புத்தகம் பிடிக்காதவள், அவ்வளவுதான்.

“யாரு டீச்சர்?” என்று கேட்டாள்.

“என்னது?”

“கடலுக்குப் போனது. அந்த மேடம் எங்கிட்ட அஞ்சு நாளா கேட்டாங்க.”

தில்ஷாத் தலையைத் தூக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரர்” என்றேன். “சங்கரநயினாருன்னு பேரு.”

“வந்துருவாங்களா?”

“வர மாட்டாரு.”

சொல்லிவிட்டேன். வாயில் ஒன்றும் ஆகவில்லை. அறையில் ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஹெப்சிபா கையைக் கட்டிக்கொண்டாள்.

“எனக்கு செலக்சனும் போயிருச்சு” என்றாள்.

“ஆமா.”

“அடுத்த வருசம் எடுக்க மாட்டாங்க.”

“எடுக்க மாட்டாங்க” என்றேன்.

அவள் தலையாட்டினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். விடியக்காலையில் எழுந்து ஓடிய ஒரு பிள்ளை, பதினாலு வயது முடியுமுன்னே, என்னைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது. எனக்கு வலித்தது. முதலில் அவளுக்காகத்தான் வலித்தது. பிறகு எல்லாம் சேர்ந்து வலித்தது.

நிறுத்தியிருந்த பதிவுக்கு விரல் வைத்தாள், நானும் வைத்தேன். “இன்னும் ஒண்ணுதான் இருக்கு. வாசிக்கட்டா?” என்றாள்.

“வாசி.”

“கடலடி மணல் படிவுகள்.” அவள் விரல் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

நான் வைத்தேன். இயந்திரம் ஏற்கவில்லை. மறுபடியும் வைத்தேன். மறுபடியும் சிவப்புதான் எரிந்தது. விரல் ஈரமாக இருந்தால் அது எடுக்காது. கண்ணைத் துடைத்த கை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஹெப்சிபா சட்டைப் பையிலிருந்து கபடிக்குக் கையில் கட்டுகிற துணியை எடுத்து என் பக்கம் தள்ளினாள்.

“தொடச்சிட்டு வைங்க டீச்சர்” என்றாள்.